மூச்சை முழு நிமிஷம் எண்ணியவள்

எங்கள் மருத்துவமனை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள். அன்றாடம் நமக்குக் கிடைக்கும் இயற்கையின் கொடைகளில் கடவுளின் அருளைக் காண்பது எப்படி, அதுதான் தலைப்பு. என்னோடு ஓய்வு பெற்ற எக்ஸ்ரே பிரிவுக்காரர் மழையைப் பற்றி எழுதித் தந்துவிட்டாராம். ஆபீஸில் இருந்த கிளார்க் அம்மா தன் வீட்டு மாடியில் பூத்த செம்பருத்தியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாராம். நான் மட்டும்தான் பாக்கி என்று குரூப்பில் தினமும் ஒரு மெசேஜ் வந்துகொண்டிருந்தது.

எனக்கு மழை, பூ எல்லாம் எழுத வராது. வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. காலையில் அதன் சருகைக் கூட்டி அள்ளுவதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். முப்பத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். அதில் பெரும் பகுதி தீவிர சிகிச்சைப் பிரிவில் போனது. அத்தனை வருஷமும் நான் பார்த்த இயற்கைக் கொடை ஒன்றே ஒன்றுதான், மனிதர்களின் மூச்சு. அதைப் பற்றி வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சரி என்றார்கள். எழுதும்போது கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், அதையும் அச்சில் போட வேண்டும் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கிருந்து நேராக நர்சிங்குக்கு வந்தேன். அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தோம், பாத்திரம் கழுவினோம், பரீட்சை எழுதினோம், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினோம். நான் நர்ஸ் ஆனது அதற்குப் பிறகு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, மேட்ரன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு காலையில்.

மேட்ரன் அம்மாவின் பெயர் சலோமி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். கடைசியில் நாம் குனிந்து காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்க வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூச்சை முழு நிமிஷம் எண்ண வேண்டும். எல்லா இடத்திலும் நர்சுகள் முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதிவிடுவார்கள். அவசரக்காரர்கள் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவார்கள். மேட்ரன் அம்மாவிடம் அது நடக்காது. கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். நாடி பிடிப்பது போல நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள், அதனால் இந்த ஏமாற்று. கண் மட்டும் நெஞ்சின் மேல் இருக்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. அறுபது விநாடி முடிகிற வரை வேறு பேச்சு, வேறு பார்வை கூடாது.

நான் திட்டு வாங்கிய அந்தக் காலையில் எனக்கு இருபத்திரண்டு படுக்கை. குழந்தைகள் வார்டில் சளி பிடித்த ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு அரை நிமிஷம் எண்ணினேன், பதினாறு. இரண்டால் பெருக்கி முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னாலேயே சேலை சரசரத்தது. மேட்ரன் அம்மா அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எண்ணு" என்றார்.

எண்ணினேன். முதல் அரை நிமிஷம் பதினாறு வந்தது. அதன் பிறகு குழந்தையின் நெஞ்சு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடி போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது விநாடியில் குழந்தை வெடுக்கென்று ஒரு மூச்சை இழுத்தது. எனக்கு உயிரே போய்விட்டு வந்தது.

"மீதி அரை நிமிஷம் உங்க அப்பா வீட்டுச் சொத்தா? நீயா போட்டு எழுதுற?" என்று என் காதருகில் கேட்டார்.

அந்தக் குழந்தையை உடனே ஆக்சிஜனில் வைத்தோம், பிழைத்துக்கொண்டது. அன்று மதியம் மேட்ரன் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மெமோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "கடவுள் மனுஷனுக்கு மொதல்ல குடுத்தது மூச்சுதான். மத்ததெல்லாம் பிறகு வந்தது. ஒரு ஆளோட மூச்சை ஒரு நிமிஷம் கண்ணெடுக்காமப் பாக்குறது எனக்கு ஜெபம் மாதிரி. நீ ஜெபம்னு நெனைக்கலைன்னாலும் பரவாயில்ல, எண்ணிக்கையை ஒழுங்கா எழுது" என்றார். அவ்வளவுதான். மெமோ வரவில்லை.

எனக்கு அப்போது அந்த ஜெபப் பேச்சு சுத்தமாகப் புரியவில்லை. மூச்சு என்பது மூச்சு. நல்ல வேளை மெமோ இல்லையே என்று ஓடி வந்துவிட்டேன். ஆனால் எண்ணுவதை விடவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அதன் பிறகு ஒரு தடவைகூட நான் பெருக்கி எழுதியதில்லை. இதை யார் முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்லுவேன். இப்போது கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர் வந்துவிட்டது, மூச்சு எண்ணிக்கையை அதுவே காட்டுகிறது, சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். நான் ஓய்வு பெறும் நாள் வரை அதையும் பார்த்தேன், நெஞ்சையும் பார்த்தேன். சிஸ்டர் ஜெயமணிக்கு மெஷின் மேல் சந்தேகம் என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

இனி வீரணனைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையில் அவருக்காகத்தான் இந்தக் கட்டுரைக்கே ஒத்துக்கொண்டேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு புரட்டாசி மாதக் காலை, ஒன்பது மணி. செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது, விவசாயம். உழுது உழுது இறுகிப்போன உடம்பு. ஆனால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கூட அவருடைய மனைவி பஞ்சவர்ணமும் அண்ணன் பெரியசாமியும் வந்திருந்தார்கள்.

"என்னம்மா பண்ணுது இவருக்கு?" என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டேன்.

"விடியக்காலையில வயித்து வலின்னு எந்திரிச்சாரு. வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி குடுத்தேன். அது தொண்டைக்குள்ள எறங்கலைன்னாரு. பெறகு கண்ணு செருகிக்கிட்டே போகுதுன்னாரு. இப்ப பேச்சும் கொளறுது சிஸ்டரம்மா."

"தூக்கம் வருதுங்கிறாரா, கண்ணைத் தொறக்க முடியலைங்கிறாரா?"

"தொறக்க முடியலையாம்."

"ராத்திரி எங்க படுத்திருந்தாரு?"

"உள்ள புழுக்கமா இருக்குன்னு வாசல்ல பாய விரிச்சுப் படுத்தாரு."

"கட்டில் இல்லாமலா? வெறுந் தரையிலயா?"

"தரையிலதான்."

டியூட்டியில் இருந்த டாக்டர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். நல்ல பையன். வயிற்று வலிக்கு ஸ்கேன் எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "டாக்டர், கட்டுவிரியனா இருக்குமோன்னு ஒரு தடவ பாருங்க" என்றேன்.

பெரியசாமி காதில் அது விழுந்துவிட்டது. "பாம்பு கடிச்சா தெரியாதாம்மா? ஒரு தடம் இல்ல, வீக்கம் இல்ல. தூங்குற ஆளு எந்திரிச்சிருக்க மாட்டானா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் கடித்தால் இடம் வீங்கும், வலியில் பிராணன் போகும். கட்டுவிரியன் அப்படி இல்லை. தரையில் படுத்திருப்பவரின் பக்கத்தில் வந்து, அவர் புரண்டால் கடித்துவிட்டுப் போய்விடும். கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. விடியும்போது வயிறு வலிக்கும், பிறகு இமை இறங்கும், பிறகு தொண்டை, கடைசியில் நெஞ்சு. எங்கள் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேர் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டே செத்திருக்கிறார்கள்.

அந்த டாக்டர் பையன் என் பேச்சைக் கேட்டார். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார். ஆனாலும் விஷம் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் வீரணனின் மூச்சு மேலாக ஓட ஆரம்பித்தது. முழு நிமிஷத்துக்கு நாற்பது எண்ணினேன், அதன் பிறகு பத்து எண்ணினேன். தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டோம். அதன் பிறகு அவர் உடம்பில் ஒன்றும் அசையவில்லை. இமை அசையவில்லை, விரல் அசையவில்லை. கிள்ளினால் முகம் சுளிக்கவில்லை. மெஷின் தள்ளினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். அதுவே அவர் வாழ்க்கை.

இந்த விஷத்தின் சங்கதி இதுதான். மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவை இது வழியில் மறித்துவிடும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. ஆள் உள்ளே விழித்துக்கொண்டேகூட இருக்கலாம், ஆனால் கண்ணைத் திறந்து காட்ட முடியாது. விஷம் தானாக இறங்கும் வரை, நான்கு நாளோ பத்து நாளோ, விடாமல் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். வேறு பெரிய வைத்தியம் கிடையாது. ஆனால் வெளியே நிற்கிற சொந்தக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் கண்ணுக்குத் தெரிவது அசையாத உடம்பு ஒன்று மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் பையன் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணின் பாப்பா விரிந்தபடியே நின்றது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. இந்த விஷத்திலும் கண் அப்படி நிற்கும், மூளை செத்தாலும் அப்படித்தான் நிற்கும். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெரிய டாக்டர் ஊரில் இல்லை, வெளியூர் போயிருந்தார், போனிலும் கிடைக்கவில்லை. கேட்டவர்களிடம் இவர் உள்ளதைச் சொன்னார், கண்ணில் அசைவு இல்லை என்று. பெரியசாமி அதை யாரோ படித்த சொந்தக்காரரிடம் போனில் சொல்ல, அந்த ஆள் அங்கிருந்துகொண்டே மூளைச்சாவு என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

பத்து மணிக்குப் பெரியசாமி உள்ளே வந்தார். வாசலில் வேன் நின்றது. "வீட்டுக்குக் கொண்டு போயிருதோம் சிஸ்டரம்மா. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க" என்றார்.

"இப்ப கொண்டு போனா வழியிலயே போயிரும்ணே. கட்டுவிரியன் விஷம் இப்படித்தான் கெடத்தும். இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுங்க."

"பொறுத்து என்னம்மா ஆகப்போகுது? மூளையே இல்லைங்கிறாக. இங்கன உசுரு போச்சுன்னா போலீஸ் கேஸுன்னு தூக்கிட்டுப் போயி அறுத்துத் தருவீக. அறுத்த ஒடம்ப ஊருக்குள்ள எப்படிக் கொண்டு போறது? வீட்டுக்குள்ளயே சேக்க முடியாது. தெருவுல கெடத்தணும். எந்தம்பி அவன் கட்டுன வீட்டுல, அவன் பிள்ளைக கையால பாலு வாங்கிக் குடிச்சிட்டுப் போகட்டும். அம்புட்டுத்தான் நான் கேக்குறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதர் என்று ஒரு நிமிஷமும் நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் விரும்புவார்கள். எங்கள் அப்பாவையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனோம். தம்பிக்குச் செய்கிற கடைசி மரியாதை என்று நினைத்து, உயிரோடு இருக்கிற தம்பியைக் கொல்லப் பார்த்தார் அந்த மனிதர். டாக்டர் பையன் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சட்டப்படி அவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். பெரியசாமி கையெழுத்துப் போட்டார். அடுத்தது மனைவி போட வேண்டும். பஞ்சவர்ணம் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "பஞ்சவர்ணம், பேனாவ அங்கிட்டு வை. இங்க வா" என்றேன்.

வேனில் கொண்டுபோவதென்றால் மெஷின் போகாது. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையைத்தான் குழாயில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பையை எடுத்தேன். ஆக்சிஜன் குழாயை அதில் செருகினேன். மெஷினைக் கழற்றிவிட்டுப் பையை மாட்டி அவள் கையில் கொடுத்தேன்.

"வீடு வரைக்கும் யாராச்சும் இத அமுக்கிக்கிட்டே வரணும். வீட்டுக்குப் போனதும் நிப்பாட்டணும். நீதான் நிப்பாட்டப் போற. எப்படின்னு இப்பவே பழகிக்க. அமுக்கு. விடு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அமுக்கு."

கொடுமையான பேச்சுத்தான். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கூசுகிறது. ஆனால் வேறு எதையும் அவர்களுக்குக் காட்ட என்னிடம் இல்லை. அவள் அமுக்கினாள். கருத்து மெலிந்த கை, களை பிடுங்கிய வெடிப்புகள் விரலெல்லாம். முதலில் தாறுமாறாக அமுக்கினாள், பிறகு சரியான தாளத்துக்கு வந்துவிட்டாள். அவள் அமுக்க அமுக்க அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷின் போடுகிற மூச்சில் எண்ண ஒன்றும் இல்லை என்று மூன்று நாளாக நாடியைத்தான் முழு நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பத்திரண்டு.

"அவர்கிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டே அமுக்கு" என்றேன்.

அவள் குனிந்தாள். "மாமா, ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம்ங்கிறாரு. போயிருவமா மாமா?" என்றாள்.

என் விரலுக்கடியில் நாடி துள்ளியது. எண்ணினேன். கண்ணை எடுக்காமல், அவசரப்படாமல், அறுபது விநாடியும் எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

"இப்ப பேசாத. அமுக்க மட்டும் செய்." மறுபடியும் எண்ணினேன். மெல்ல மெல்ல இறங்கி எண்பத்தெட்டுக்கு வந்தது. "இப்பப் பேசு." தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து.

நான் பெரியசாமியைப் பார்த்தேன். "அண்ணே, இங்க வாங்க. என் பேச்ச நம்ப வேணாம். ஒங்க விரல நம்புங்க" என்று அவர் கையை இழுத்து அவர் தம்பியின் மணிக்கட்டில் வைத்தேன். நாடி ஓடும் இடத்தைக் காட்டினேன். "புடிச்சுக்கங்க. இப்ப நீங்க பேசுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "ஏ வீரணா" என்றார். அவ்வளவுதான். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். விரலை எடுத்துவிட்டார், சுட்டுவிட்டது போல. மறுபடியும் வைத்தார். "தம்பி, அண்ணன் பேசுறேன்டா. கேக்குதாடா?" என்றார். அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்தார். டாக்டர் பையன் என் பக்கத்தில் வந்து தானும் நாடியைப் பிடித்துப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், பிறகு படிவத்தைப் பெரியசாமியிடம் நீட்டினார். பெரியசாமி அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய் வேன்காரரை அனுப்பிவிட்டு வந்தார்.

அன்று இரண்டு மணி வரை பஞ்சவர்ணம் பையை விட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மெஷின் இருக்கிறது, நீ போய்ச் சாப்பிடு என்றால் கேட்கவில்லை. கடைசியில் நான் பாதி, அவள் பாதி என்று ஒப்பந்தம் போட்டு, கொஞ்ச நேரம் நான் அமுக்கிக் காட்டி, பிறகு மெஷினை மாட்டினேன்.

ஐந்தாம் நாள் வலது கால் பெருவிரல் அசைந்தது. ஆறாம் நாள் இமை ஒரு நூல் அளவு பிரிந்தது. ஏழாம் நாள் காலையில் பெரிய டாக்டர் திரும்பி வந்து, சொந்த மூச்சுக்கு விட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தலைப்பக்கத்தைத் தூக்கி அரைவாசி உட்கார வைத்தேன். குழாயில் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தேன். மெஷினைக் கழற்றிவிட்டு ஆக்சிஜன் மட்டும் வருகிற குழாயை மாட்டினேன். இப்போது தள்ளிவிட ஆள் இல்லை. இழுத்தால் அவராக இழுக்க வேண்டும்.

நாலு விநாடி ஒன்றும் இல்லை. மேட்ரன் அம்மாவின் வார்டில் அந்தக் குழந்தை முன்னால் நின்றது போலவே கண்ணெடுக்காமல் விநாடியை எண்ணினேன். ஐந்தாவது விநாடியில் விலா எலும்புகளுக்கு நடுவே சதை லேசாக உள்ளே இழுபட்டது. நெஞ்சு ஏறியது. தானாக ஏறியது. முதல் நிமிஷம் இருபத்தெட்டு, எல்லாம் சின்னச் சின்ன மூச்சு. ஐந்து நிமிஷம் விட்டோம், மெஷினில் போட்டோம். பிறகு பத்து, பிறகு அரை மணி. மறுநாள் மதியம் குழாயை எடுத்துவிட்டோம். பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "இது ஜெயமணி சிஸ்டரோட கேஸ்" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான், போதுமானது. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, பதினாறு நாள் வீட்டுக்குப் போகாமல் நின்றேனே, அப்போதும் கால் தளரும் போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொள்வேன்.

குழாய் எடுத்த மறுநாள்தான் வீரணனுக்குக் குரல் வந்தது. கரகரத்த குரல். நான் தலையணையைச் சரிசெய்யப் போனேன். "எனக்கு எல்லாம் கேட்டுச்சு சிஸ்டரம்மா" என்றார். அண்ணன் வேன் கொண்டுவந்தது, பொண்டாட்டி அழுதது, டாக்டர் கண்ணில் லைட் அடித்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் வெற்றிப் பெருமிதத்தோடு சிரித்துக்கொண்டு நின்றேன். அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டாம் நாளு துணி மாத்தயில நீங்க பேசுனதும் கேட்டுச்சு."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவருக்கு விரிப்பு மாற்றும்போது அந்தப் பக்கம் நின்ற நர்சிடம், "இது இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்குமோ, வெளிய ரெண்டு பேரு பெட்டுக்குக் காத்திருக்காக" என்று சொல்லியிருந்தேன். இது என்று சொல்லியிருந்தேன், அவர் என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை, இடுப்பு வலி என்று காரணம் சொல்லலாம். உள்ளே ஒருவர் விழித்துக்கொண்டிருக்கலாம் என்று வெளியே எல்லாருக்கும் பாடம் நடத்திய நானே, கட்டில் பக்கத்தில் நின்று அப்படிப் பேசியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புய்யா. பெரிய தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். நோயாளியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அட அத விடுங்க" என்றார் அவர். "நீங்க அலுத்துப்போயி பேசுனீக. அண்ணனும் அலுத்துப்போச்சு. நானே அலுத்துட்டேன், போனாப் போகுதுன்னு கெடந்தேன். மொதல்ல செத்துட்டேன்னுதான் நெனச்சேன். பெறகு பாத்தா நெஞ்சு தூக்குது. செத்தவனுக்கு நெஞ்சு தூக்குமா?"

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை.

"நான் இழுக்கல சிஸ்டரம்மா. கேக்க வாய் வரல. கும்புடக் கை தூக்கல. ஆனா வந்துச்சு. ஒண்ணு போயி முடியுறதுக்குள்ள அடுத்தது வந்துச்சு. நான் நல்லவனா கெட்டவனான்னு பாக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. யாரு நமக்கு இம்புட்டு தாராளமாக் குடுக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். பெறகுதான் தோணுச்சு, பொறந்த நாளையில இருந்து இப்படித்தான வந்திருக்கும். நான் ஒரு நாளும் திரும்பிப் பாக்கலையே."

அவர் கோயில் குளம் என்று அதிகம் போகிறவரும் இல்லையாம், பஞ்சவர்ணம் பிறகு சொன்னாள். எங்கள் சபைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. நானோ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், அருள் என்பது நாம் தகுதி இல்லாமல் இருக்கும்போதே, கேட்காமலே வருவது என்று எல்லாரோடும் சேர்ந்து வாயாரச் சொல்லிக்கொண்டு வந்தவள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னவர், அதை ஒன்பது நாள் படுத்துக் கிடந்து வாங்கிக்கொண்டவர். டியூட்டி நேரத்தில், சீருடையில், நோயாளியின் முன்னால் நின்று நான் அழுதேன். வெட்கமாக இல்லை.

அந்தப் பையை அமுக்கிய கைகளில் என் கையும் ஒன்று. அந்தப் பெருமையை நான் யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். அதற்குள்ளே இருந்த காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வீரணன் கிடந்து யோசித்த இடத்தில்தான் நானும் போய் நிற்கிறேன்.